தாதியருக்கு ஒரு மலர்ச்செண்டு

நோயுற்றவரைக் காணச் செல்லும்போது பழமும் பூவும் கொண்டு செல்வது நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்ல வழக்கமாகும். ஆனால், அந்நோயாளியை இரவு பகலாகக் கண்காணித்து, அவர் எழுந்து நடமாடும்படி செய்தவர்களை நாம் எவ்வாறு நினைவுகூர்கின்றோம்? வீடு திரும்பலாம் என்று மருத்துவர் சொன்னவுடன் துணிமணிகளை மூட்டை கட்டுகின்றோம். மருந்தை வாங்கிக் கொள்கின்றோம். வண்டியைத் தவறவிடக் கூடாதே என்று விரைகின்றோம். தாதியோ அடுத்த கட்டிலில் இருப்பவரைக் கவனிக்கச் சென்றுவிடுகின்றார். நன்றி கூற மனமில்லாமையால் இவ்வாறு நேர்வதில்லை. எவ்வாறு கூறுவது என்ற கூச்சமே பெரும்பாலும் காரணமாகும்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிப் பத்துக் குறட்பாக்கள் பாடியுள்ளார். அந்த மரபில் வந்த நாம், மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு மலர்ச்செண்டு அனுப்பி நன்றி தெரிவிப்பது எவ்வாறு, எங்கு அது பொருந்தும், எங்கு பொருந்தாது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம். மலர் வளரும் மலையிலேயே வாழும் கேமரன் மலை மக்களுக்கு இது மிகவும் எளிதில் கைகூடும் செயலாகும்.

தேயிலையும் மலரும்

1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை நில அளவை செய்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரால் இவ்விடம் கேமரன் மலை என்று வழங்கலாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்து, சரிவுகளில் தேயிலைக் கன்றுகளை நட்டு, இம்மலையைப் பசுமையாக்கியவர்களுள் தமிழ்ப் பாட்டாளிகள் முன்வரிசையில் நின்றனர். இன்று அத்தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் கொழுந்து பறிக்கின்றனர்.

தேயிலைக்கு அடுத்தபடியாகக் காய்கறியும் மலரும் இங்கே பெருந்தொழிலாக வளர்ந்துள்ளன. செவ்வந்தி, ரோஜா, லில்லி முதலிய மலர்கள் நெகிழிக் கூரைகளின் கீழ்ப் பயிராகின்றன. செவ்வந்தி வளர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. இரவு நீண்டிருந்தால்தான் அச்செடி மொட்டு விடும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், நட்ட சில நாள்களிலேயே செடி குட்டையாக இருக்கும்போது பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே, முதற்சில வாரங்களுக்கு இரவில் விளக்கேற்றிச் செடியை விழித்திருக்கச் செய்கின்றனர். தண்டு வேண்டிய உயரம் வளர்ந்த பின்னரே விளக்கை அணைத்து மொட்டு விடச் செய்கின்றனர். நட்டது முதல் கொய்வது வரை சில மாதங்கள் உழைத்த பின்னரே ஒரு செவ்வந்தித் தண்டு நம் கைக்கு வருகின்றது. பிரிஞ்சாங் வழியே இரவில் செல்வோர் காணும் அவ்விளக்கொளி இத்தொழிலுக்கு உரியதேயாகும்.

2020-ஆம் ஆண்டு தந்த பாடம்

கோவிட் பெருந்தொற்றைத் தடுக்கும் பொருட்டு 2020 மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சீன மக்கள் தம் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடும் செங் பெங் காலம் ஏப்ரல் தொடக்கத்தில் வருவதால், அவ்வேளையில்தான் செவ்வந்திக்குப் பெருங்கிராக்கி இருப்பது வழக்கம். ஆனால், அவ்வாண்டு கடைகள் மூடப்பட்டன, விழாக்கள் நின்றன, வாங்குவோர் இல்லாமற் போயினர். பல மாத உழைப்பில் விளைந்த மலர்களைக் கேமரன் மலை விவசாயிகள் குப்பையிற் கொட்ட நேர்ந்தது. அதே நாள்களில் நம் மருத்துவமனைகளில் தாதியரும் மருத்துவர்களும் வியர்வை சொட்டும் பாதுகாப்பு உடைகளுக்குள் மணிக்கணக்கில் நின்று பணியாற்றினர். பலர் தம் பிள்ளைகளைத் தொடவும் அஞ்சி வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தனர். ஒரு பக்கம் கொள்வாரற்ற மலர், மறுபக்கம் நன்றிக்குரிய மனிதர்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் நகரிலுள்ள உலகப் புகழ் பெற்ற மலர் ஏலச் சந்தையிலும் 2020 மார்ச் மாதத்தில் பெருந்திரளான மலர்கள் அழிக்கப்பட்டன. அங்கே விற்காத மலர்களில் ஒரு பகுதி மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பப்பட்டது.

இந்தியாவில் நிகழ்ந்தவற்றை இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும். 2020 மே 3-ஆம் நாள், அந்நாட்டு முப்படையினர் மருத்துவப் பணியாளர்களைச் சிறப்பிக்கும் வகையில், பல நகரங்களில் ஹெலிகாப்டர்களிலிருந்து மருத்துவமனைகளின் மீது மலர் தூவினர். சென்னையிலும் மலர் பொழிந்தது. அக்காட்சியைக் கண்டு பலர் கண் கலங்கினர். ஆனால், அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் 19-ஆம் நாள், அதே சென்னையில் கோவிட் நோயினால் உயிர் நீத்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் நல்லடக்கத்தை ஒரு கூட்டத்தினர் தடுத்தனர். உடலை ஏற்றிச் சென்ற வண்டியின் மீது கல்லெறிந்தனர். இறுதியில் நள்ளிரவில் அவருடைய தோழரான மற்றொரு மருத்துவரே தம் கையால் குழியில் மண் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

ஒரே ஊரில், ஒரே திங்களுக்குள், கல்லும் வந்தது, மலரும் வந்தது. மலர் அனுப்புவது எளிது; மதிப்புடன் நடப்பதே அரிது. நடத்தையில் மதிப்பு இல்லாவிடில் மலரால் பயனில்லை. இதனை நெஞ்சில் நிறுத்தியே மேற்கொண்டு சில செய்திகளைக் கூறுகின்றோம்.

நன்றிக்கு உரியவர் யாவர்?

மருத்துவமனை என்றவுடன் மருத்துவரின் முகமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால், ஒரு நோயாளி குணமடைவதில் பலருடைய கைகள் பங்கு கொள்கின்றன. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளை ஏற்றிக்கொண்டு மழையிலும் பனிமூட்டத்திலும் வளைவுச் சாலையில் வண்டி ஓட்டுபவர் ஒருவர். தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் அவளை ஏற்றுக்கொள்ளும் தாதி ஒருவர். தரையைத் துடைத்துத் துப்புரவாக வைத்திருப்பவர் ஒருவர். குழந்தை பிறந்த பின்னர் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்த்துச் செல்லும் சமூகத் தாதி மற்றொருவர்.

தோட்டப்புறத்தில் இன்னொருவரையும் மறத்தலாகாது. நம் பாட்டன்மார் ‘டிரெசர் ஐயா’ என்று அழைத்த தோட்ட மருத்துவமனை உதவியாளரே அவர். அருகில் மருத்துவர் இல்லாத காலத்தில் காயத்திற்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும் அவரே. இப்பணியாளர்களின் தகுதியை முறைப்படுத்தும் பொருட்டு 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தலைமுறையின் உயிரைக் காத்த அவர்களுள் பலர் இன்று முதுமையுற்று ஓய்வில் இருக்கின்றனர். அத்தகையோரின் வீட்டு வாயிலுக்கு ஒரு செண்டு சென்று சேருமாயின், அதைவிடச் சிறந்த நன்றி வேறில்லை.

வார்டுக்குள் மலர் செல்லலாமா?

தாதியர் தொழிலுக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், வண்ண மலர்கள் நோயாளியின் மனத்திற்கு ஊக்கமளிக்கும் என்று கருதினார். இரவில் மலர்கள் காற்றைக் கெடுத்துவிடும் என்று அக்காலத்தில் நிலவிய அச்சத்தையும் அவர் மறுத்தார். பின்னாளில் வேறோர் ஐயம் எழுந்தது. 1973-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மருத்துவமனைப் பூக்குவளைகளின் நீரில் நோய்க்கிருமிகள் ஏராளமாக இருப்பதைக் காட்டியது. அந்நீரினால் சாதாரண வார்டு நோயாளிகளுக்கு நோய் தொற்றியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எனினும், தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு, நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் தங்கும் பிரிவு ஆகியவற்றில் மலரை அனுமதிப்பதில்லை. குவளை கவிழ்ந்தால் நீர் மின்கருவிகளின் மேல் சிந்தும் என்பதும், நீர் மாற்றும் வேலை தாதியரின் தலையிலேயே விழும் என்பதும் மருத்துவமனைகள் கூறும் பிற காரணங்களாகும். நன்றி கூறச் சென்று, நன்றிக்குரியவருக்கே புதிய வேலையை ஏற்படுத்துதல் தகாது.

ஆகவே, செண்டு அனுப்புமுன் வார்டின் தலைமைத் தாதியைக் கேட்டறிதல் வேண்டும். நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தைத் தவிர்த்து, முகப்பிடத்திலோ பணியாளர் ஓய்வறையிலோ வைக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். மண் நிறைந்த பூந்தொட்டிகளைக் கொண்டு செல்லலாகாது. வேலை மும்முரமாக நடைபெறும் காலை வேளையையும் தவிர்த்தல் நன்று.

எம்மலரைத் தேர்ந்தெடுப்பது?

மணம் மிகுந்த மலரும், மகரந்தம் உதிரும் மலரும் சிலருக்கு இருமலையும் தும்மலையும் உண்டாக்கும். ஆதலின் லில்லியைத் தவிர்த்தல் நன்று. நீண்ட நாள் வாடாத செவ்வந்தி மிகவும் ஏற்றதாகும். எனினும் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். வெள்ளை, மஞ்சள் நிறச் செவ்வந்திகளைச் சீன மக்கள் நீத்தார் வழிபாட்டுடன் தொடர்புபடுத்துவர். அவற்றை மட்டும் கட்டி அனுப்பினால் மனம் வருந்தக்கூடும். இளஞ்சிவப்பு, ஊதா முதலிய நிறங்களைக் கலந்து கட்டுவதே பல இன மக்கள் கூடிப் பணியாற்றும் நம் நாட்டுக்குப் பொருந்தும்.

மலரை வெயில் ஏறுமுன் கொய்தவுடன் வாங்க வேண்டும். நீரில் மூழ்கக்கூடிய கீழ் இலைகளைக் களைந்து, தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, கழுவிய வாளியில் தூய நீர் ஊற்றிச் சில மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால், மலர் பல நாள் வாடாதிருக்கும். எடுத்துச் செல்லும்போது தண்டின் அடியை ஈரப் பஞ்சினால் சுற்றிக்கொள்ளலாம். மருத்துவமனையில் பூக்குவளை இருக்கும் என்று எதிர்பாராமல், ஒரு புட்டியையும் உடன் கொடுத்தல் நன்று. பண்ணை மலர்களுக்குப் பூச்சிமருந்து தெளித்திருப்பர் என்பதால், கட்டி முடித்தபின் கைகளைக் கழுவ வேண்டும்.

மலரினும் நீடித்து நிற்பது

மலர் ஒரு வாரத்தில் வாடும், எழுத்து வாடாது. குறை ஏற்பட்டால் மனு எழுதுகின்றோம். நிறை கண்டால் எழுதுவோர் மிகச் சிலரே. ஆகவே, செண்டுடன் நான்கு வரிகள் எழுதி வைத்தல் வேண்டும். பொதுவாக ‘நன்றி’ என்று எழுதுவதைவிட, நிகழ்ந்ததைக் குறிப்பிட்டு எழுதுவதே சிறப்பு. எடுத்துக்காட்டாக:

“சென்ற மாதம் நள்ளிரவில் எங்கள் தாயார் மூச்சுத் திணறிய நிலையில் வந்தபோது, தாங்கள் விடியும்வரை அருகிலிருந்து பார்த்துக்கொண்டீர்கள். இப்போது அவர் தாமே எழுந்து நடக்கின்றார். எங்கள் குடும்பத்தாரின் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.”

இதனை மலாய் மொழியிலும் எழுதினால் அனைவரும் படித்து மகிழ்வர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இதற்கு உதவலாம். இதன் படியொன்றை மருத்துவமனை இயக்குநருக்கு அனுப்பினால், அப்பணியாளரின் தொண்டு மேலதிகாரிகளின் கவனத்திற்கும் வரும்.

பணமோ விலையுயர்ந்த பொருளோ கொடுக்க முற்படுதல் கூடாது. பொதுச் சேவை ஊழியர்களின் நன்னடத்தை, கட்டொழுங்கு பற்றிய 1993-ஆம் ஆண்டு விதிகள் அன்பளிப்புப் பெறுவதற்கு வரையறை விதித்துள்ளன. சிகிச்சை முடிந்த பின்னர், வார்டுப் பணியாளர் அனைவருக்கும் பொதுவாக அளிக்கப்படும் எளிய செண்டில் கைம்மாறு எதிர்பார்க்கும் நோக்கம் சிறிதும் இராது. செண்டு கொடுக்கும் காட்சியைக் கைப்பேசியில் படமெடுக்கும்போது பிற நோயாளிகளின் முகம் பதியாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடத்தையே நறுமலர்

அனைத்துலகத் தாதியர் நாள், நைட்டிங்கேல் அம்மையார் 1820-இல் பிறந்த மே 12-ஆம் நாளன்று ஆண்டுதோறும் கொண்டாடப்படுகின்றது. அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2020-ஆம் ஆண்டை உலகச் சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் தோட்டத்து இளைஞர்களும் மாதர்களும் ஆலய நிருவாகத்தினரும் ஒன்று கூடி, அருகிலுள்ள மருந்தகத்திற்கு ஒரு செண்டும் மடலும் அனுப்பலாம். ஆளுக்கு ஒரு தண்டு கொணர்ந்தாலும் போதும். ஒரு பெருஞ்செண்டு சேர்ந்துவிடும்.

ஆனால், எஞ்சிய நாள்களில் நாம் செய்ய வேண்டியவையும் உள. குறித்த நாளில் சிகிச்சைக்குச் செல்லுதல், கொடுத்த மருந்தை முறையாக உட்கொள்ளுதல், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுதல், காத்திருக்க நேர்ந்தாலும் தாதியரிடம் கடுஞ்சொல் கூறாதிருத்தல் ஆகியவையும் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும். தொற்றுநோய்க் காலத்தில் நம் லயத்தில் வாழும் மருத்துவப் பணியாளரின் குடும்பத்தை ஒதுக்காமல் நலம் விசாரித்தல், அவற்றுள் முதன்மையானது. சென்னையில் எறியப்பட்ட கல்லை நாம் எந்நாளும் கையில் எடுக்கலாகாது.

மலர் விளையும் மலையில் வாழும் நாம், மலரோடு மதிப்பையும் சேர்த்தளித்து, நம் உயிர் காக்கும் கைகளைப் போற்றுவோமாக!