கடைசி மூன்று மாதங்களில் இரும்புச்சத்து: பிரசவத்துக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை

கர்ப்பமாகி 28 வாரங்கள் கடந்துவிட்டனவா? எல்ஆர்டி நிலையத்தின் படிகளில் ஏறும்போது பாதியிலேயே நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறதா? வேலை முடிந்து பொங்கோலில் வீடு வந்து சேர்வதற்குள் உடம்பு துவண்டுவிடுகிறதா? “மாசமாக இருந்தால் அப்படித்தான்” என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். வயிறு பெரிதாகும்போது ஓரளவு களைப்பு இயல்புதான். ஆனால், ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தாலும் இதே களைப்புதான் வரும். எது காரணம் என்பதை ரத்தப் பரிசோதனை மட்டுமே காட்டும்.

குறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதைச் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் தேவை. மாத்திரையைச் சரியான முறையில் இன்றே தொடங்கினால், பிரசவ நாளுக்குள் உங்கள் உடல் தெம்பாகிவிட வாய்ப்பு அதிகம்.

இப்போது ஏன் குறைகிறது?

கர்ப்பகாலத்தில் உங்கள் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது. புதிய ரத்த அணுக்களை உண்டாக்க இரும்பு வேண்டும். குழந்தையும் பிறந்த பின் முதல் சில மாதங்களுக்குத் தேவையான இரும்பைக் கடைசி வாரங்களில்தான் உங்களிடமிருந்து எடுத்துச் சேமித்துக்கொள்கிறது. கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். அதில் பெரும்பகுதி பிற்பாதியில் தேவைப்படுகிறது.

மாதவிலக்கில் அதிக ரத்தம் போனவர்கள், ஒரு பிரசவம் முடிந்து குறுகிய காலத்தில் மீண்டும் கருவுற்றவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள், இறைச்சி உண்ணாதவர்கள் ஆகியோரிடம் கையிருப்பு முன்பே குறைவாக இருக்கக்கூடும். ஆரம்பத்தில் எடுத்த பரிசோதனை நன்றாக இருந்தாலும், பிந்திய மாதங்களில் அளவு இறங்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, தலைசுற்றல், படபடப்பு
• சிறிது நடந்தாலே மூச்சு வாங்குதல்
• கீழ் இமையின் உட்புறமும் நகக்கண்களும் வெளுத்துப்போதல்
• இரவில் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாத குடைச்சல்
• ஐஸ்கட்டி, பச்சரிசி, திருநீறு, சாம்பல், மண் போன்றவற்றைத் தின்னத் தோன்றுதல்

கடைசியாகச் சொன்னதை வெளியே சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். மசக்கை ஆசை என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். இரும்புச்சத்துக் குறைவால் இந்த ஆசை வருவதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள்.

பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி?

இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஹீமோகுளோபின்: இது ரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கடைசி மூன்று மாதங்களில் இது ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

ஃபெரிட்டின்: இது உடலில் சேமித்து வைத்துள்ள இரும்பின் அளவைக் காட்டும். ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கையிருப்பு குறைவு என்று பல மருத்துவர்கள் கருதுவார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம்.

ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12-ஓ குறைந்தாலும் வரலாம். தலாசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கும். அவர்களுடைய ரத்த அணுக்கள் இரும்புக் குறைவில் இருப்பதுபோலவே சிறியனவாகத் தெரியும். உங்கள் குடும்பத்திலோ கணவர் குடும்பத்திலோ யாருக்காவது தலாசீமியா இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கிய இரும்பு மாத்திரைகளை நீங்களாகவே கூட்டிச் சாப்பிடாதீர்கள்.

சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இயல்பான பிரசவத்திலும் ஓரளவு ரத்தம் போகும். உடலில் போதிய இரும்பு இருந்தால் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள முடியும். ரத்தசோகையுடன் பிரசவத்துக்குச் செல்பவருக்குச் சிறிய இழப்பே பெரிய பலவீனத்தைத் தரலாம். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் வரலாம். கடுமையான ரத்தசோகை இருந்தால், குறைமாதத்தில் பிறப்பது, எடை குறைவாகப் பிறப்பது ஆகிய அபாயங்கள் கூடுகின்றன. பிரசவத்துக்குப் பிறகு களைப்பு நீடித்தால் பாலூட்டுவதும் இரவில் கண்விழிப்பதும் இன்னும் கடினமாகும்.

உணவு மட்டும் போதுமா?

நல்ல உணவு அவசியம். ஆனால் கடைசி மாதங்களில் ஏற்பட்ட குறையை உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். மாமியாரோ அம்மாவோ தினமும் தரும் நான்கு பேரீச்சம்பழங்களில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பார்கள். அவை நல்ல உணவுதான், ஆனால் இரும்பு அவற்றில் குறைவு. ஒப்பிட்டுப் பாருங்கள்: 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரை ஒன்றில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. உணவையும் மாத்திரையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட உணவில் இவற்றைச் சேர்க்கலாம்:

• இறைச்சி உண்பவர்கள்: ஆட்டிறைச்சி, கோழியின் தொடைப்பகுதி, மீன். இவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும்.
• சைவ உணவு உண்பவர்கள்: பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, வேகவைத்த பச்சைப்பயறு, தௌகுவா எனப்படும் கெட்டித் தோஃபு, முருங்கைக்கீரை, எள்.
• தாவர உணவுடன் வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று: எலுமிச்சைச் சாறு, கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய், தக்காளி. பருப்பில் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

தேக்கா சந்தைக்குப் போகும்போது முருங்கைக்கீரையும் பயறும் வாங்கிவரலாம். பொங்கோலிலிருந்து வடக்குக் கிழக்கு ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். நெரிசல் இல்லாத நேரத்தில் போங்கள், அல்லது வீட்டில் ஒருவரை அனுப்புங்கள்.

“ரத்தம் ஊற” என்று ஈரல் சமைத்துத் தருவது நம் வீடுகளில் வழக்கம். கர்ப்பமாக இருக்கும்போது ஈரலைத் தவிருங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். லக்சாவில் போடும் சிப்பியில் இரும்பு உண்டு. ஆனால் அரைவேக்காட்டுச் சிப்பியை உண்ணாதீர்கள்.

மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்வது?

மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், பல நேரங்களில் அதை எந்த நேரத்தில், எதனுடன் சாப்பிடுகிறோம் என்பதே காரணம்.

1. முடிந்தால் வெறும் வயிற்றில், உணவுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ சாப்பிடுங்கள். தண்ணீரோ ஆரஞ்சுச் சாறோ குடிக்கலாம்.
2. தேநீர், காப்பி, பால், மைலோ ஆகியவற்றை மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 1 மணி நேரம் தள்ளிவையுங்கள். காலையில் காப்பிக்கடைத் தேநீருடன் மாத்திரையை விழுங்கினால் அதன் பலன் பெரிதும் குறைந்துவிடும்.
3. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். காலையில் இரும்பு, இரவில் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.
4. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள். நெஞ்செரிச்சல் மருந்து எடுப்பவர்கள் மருந்தாளரிடம் கேளுங்கள்.
5. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடாதீர்கள். கூடுதல் மாத்திரையால் பலன் இரட்டிப்பாகாது, வயிறுதான் கெடும். சிலரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுமாறு மருத்துவரே சொல்லலாம்.

மலம் கறுப்பாகப் போவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழம், நடை ஆகியவை உதவும். குமட்டல் இருந்தால் சிறிது உணவுடனோ தூங்கப்போகும் முன்போ சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், மாத்திரையை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சிறுபிள்ளைகள் பல இரும்பு மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்

மாத்திரை தொடங்கிய 2 முதல் 4 வாரங்களில் மீண்டும் ரத்தம் பரிசோதிக்கப்படும். அளவு ஏறியிருந்தால் அப்படியே தொடருங்கள். ஏறவில்லை என்றாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்தாலோ, ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். இது ரத்தம் ஏற்றுவது அன்று. இரும்பு மருந்து மட்டுமே உடலுக்குள் செலுத்தப்படும். மருத்துவமனைக் கண்காணிப்பில் இது நடக்கும்.

பொங்கோல் பலதுறை மருந்தகம் ஒயாசிஸ் டெரசஸ் கட்டடத்தில் உள்ளது. பிரசவத்துக்குப் பதிந்துள்ள மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

• என் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் எவ்வளவு?
• எனக்குத் தலாசீமியா பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா?
• அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த வாரத்தில்?
• குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்து வெட்ட முடியுமா? இப்படிச் செய்வதால் குழந்தைக்குக் கூடுதல் இரும்பு கிடைக்கும்.

உடனே உதவி நாடுங்கள்

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்தப்போக்கு ஆகியவை ஏற்பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 24 மணி நேர அவசர மகப்பேற்றுப் பிரிவு உள்ளது. உயிருக்கு ஆபத்தான நிலையில் 995 எண்ணை அழையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும்

குழந்தை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிறையச் சில மாதங்கள் ஆகும். எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவர் சொல்வார். பத்திய நாட்களில் கீரையும் பழமும் ஒதுக்கப்படுவதுண்டு. பத்தியம் இருந்தாலும் இவற்றை விட்டுவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

கணவருக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்காதீர்கள். மறுபரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். படி ஏறும்போது அவர் நின்றால், நீங்களும் கூடவே நில்லுங்கள்.