மழை 101% என்றது கணிப்பு, பெய்தது 81%: நம்பிக்கை இடைவெளியை எப்படிப் படிப்பது?

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் இருக்கும் கொல்லங்கோட்டில், முதல் போக நெல்லுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். அந்த மழை எவ்வளவு பெய்யும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே சொல்கிறது. 1988 முதல் அந்த எண்ணைத் தந்தது 16 காரணிகள் கொண்ட ஒரு ரிக்ரஷன் மாடல்.

2002-ல் அந்த மாடல் சொன்னது: நாடு முழுவதும் நீண்டகால சராசரியில் 101%, பிழை ±4%. பெய்தது 81%. வறட்சி.

±4% என்றால் 97 முதல் 105-க்குள் கட்டாயம் பெய்யுமா?

இல்லை. இது மாடலின் சராசரிப் பிழை. உண்மை மழை அதற்குள் விழ வாய்ப்பு சுமார் 68%தான். 95% வேண்டுமென்றால் வரம்பைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும்: 93 முதல் 109 வரை.

சாஃப்ட்வேரில் எங்கே கிடைக்கும்?

எக்செல் ரிக்ரஷன் அட்டவணையில் ‘லோயர் 95%’, ‘அப்பர் 95%’ என்று இரண்டு பத்திகள் தானாகவே வரும். ஸ்டேட்டாவும் கேட்காமலே காட்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பட்டனுக்குள் போய் டிக் செய்ய வேண்டும். ஆர் மொழியில் ‘சம்மரி’ இதைக் காட்டாது. ‘கான்ஃபின்ட்’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இவை எல்லாம் குணகங்களுக்கான வரம்பு. அதாவது, கடல் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மழை எவ்வளவு மாறும் என்பதற்கான வரம்பு.

அப்போ அடுத்த வருஷ மழைக்கு?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆரில் ‘பிரடிக்ட்’ கட்டளைக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ‘கான்ஃபிடன்ஸ்’ என்றால், அதே சூழல் உள்ள ஆண்டுகளின் சராசரி மழைக்கான வரம்பு. ‘பிரடிக்‌ஷன்’ என்றால், ஒரே ஒரு ஆண்டுக்கான வரம்பு. இரண்டாவது எப்போதும் அகலமானது, ஏன்னா தனி ஒரு ஆண்டின் ஏற்ற இறக்கமும் அதில் சேர்கிறது. விதைப்பவருக்குத் தேவை இதுதான்.

93-க்கும் கீழே 81 எப்படி வந்தது?

எந்த இடைவெளியும் ‘மாடல் சரி’ என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடப்படுகிறது. பழைய காரணிகளுக்கும் மழைக்கும் இருந்த உறவு தளர்ந்துபோனால் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதே குறுகிய வரம்பைத்தான் காட்டும். 2003-ல் வானிலைத் துறை மாடல்களையே மாற்றியது.

இன்னொன்று: அது நாட்டுச் சராசரி. ஒரே ஊரின் மழை அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ±4%-ஐ கொல்லங்கோட்டு வயலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த முறை ஒரு கணிப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை சதவீத வரம்பு? சராசரிக்கா, ஒரு ஆண்டுக்கா? எந்தப் பரப்புக்கு?