கூண்டுக்கு வெளியே இருக்கும் வண்டலூர்

ஒரு பெண் புலி காட்டில் தானாகப் பிழைக்க எவ்வளவு இடம் வேண்டும்? மான்கள் செழித்த காடாக இருந்தால்கூட பதினைந்து, இருபது சதுர கிலோமீட்டர் வேண்டும். சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஆறு சதுர கிலோமீட்டர். சுவர், பாதை, வாகன நிறுத்துமிடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முழுவதையும் காடாக விட்டாலும் ஒரே ஒரு புலிக்கு அது பற்றாது. ஆனால் அங்கே பல புலிகள் இருக்கின்றன, குட்டியும் போடுகின்றன. அவற்றுக்கான இறைச்சி வெளியிலிருந்து வண்டியில் வந்து இறங்குவதால்தான் அது முடிகிறது.

கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் பல ஆண்டுகள் புலிகளை ஆராய்ந்தவர் உல்லாஸ் கரந்த். ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பெரிய விலங்குகளைக் கொல்கிறது என்பது அவர் சொல்லும் கணக்கு. ஐம்பதை இழந்தும் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமானால் மானும் காட்டெருதும் காட்டுப்பன்றியுமாக ஐந்நூறு தலைகளாவது அங்கே மேய வேண்டும். ஐந்நூறு தலைகளுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு மழையும் மண்ணும் வேண்டும். மண்ணுக்கு இலைச்சருகும் அதை மக்கவைக்கும் கரையானும் பூஞ்சையும் வேண்டும். இந்த ‘வேண்டும்’களின் வரிசையைத்தான் சூழலியல் ஆராய்கிறது. எது எதைத் தின்று வாழ்கிறது, எதனிடமிருந்து ஒளிகிறது, எத்தனை உயிர்களை அந்த இடம் தாங்கும், ஒன்று போனால் அடுத்து எது போகும் என்பவை அதன் கேள்விகள்.

இந்த வரிசையை முதலில் ஆற்றல் கணக்காக எழுதிக் காட்டியவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்றையும் சேர்த்து ஒரே மண்டலமாகப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டன் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் எழுதியிருந்தார். லிண்டெமன் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சின்னஞ்சிறு ஏரியை எடுத்துக்கொண்டு, வெயிலிலிருந்து பாசி சேர்க்கும் ஆற்றலில் எவ்வளவு புழுபூச்சிக்குப் போகிறது, அதில் எவ்வளவு மீனுக்குப் போகிறது என்று படிப்படியாகக் கணக்கிட்டார். படிக்குப் படி பெரும்பகுதி மூச்சாகவும் வெப்பமாகவும் கழிந்துவிடுகிறது. தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது என்று பின்னாளில் பாடநூல்களில் நிலைத்த விதிக்கு மூலம் அந்த ஆய்வு. கட்டுரை 1942-இல் அச்சாவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். வயது 26. காட்டில் புலி எப்போதும் அரிதாகவே இருப்பதற்கான விடை, அந்தச் சிறு ஏரியின் பாசியில் கிடைத்தது.

சரி, வண்டலூர்க் கூண்டுப் புலிக்கு என்ன செய்கிறோம்? குடிநீர்த் தொட்டியைச் சோதிக்கிறோம், கழிவுநீரை வெளியேற்றுகிறோம், கோடையில் நிழலும் நீர்த்தெளிப்பும் தருகிறோம், நோய்க்கிருமி வராமல் கழுவுகிறோம். இவையெல்லாம் சுற்றுச்சூழல் அறிவியலின் பக்கம் சேர்பவை. அது வேதியியல், புவியியல், பொறியியல், பொது சுகாதாரம், சட்டம் என்று பல துறைகளிலிருந்தும் கடன் வாங்கி, மனிதச் செயலால் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் என்ன நேர்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கும் துறை. சூழலியல் அதன் அடித்தளங்களில் ஒன்று. எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பலனாகப் பட்டப்படிப்பு மாணவர்கள் எல்லோரும் இன்று சுற்றுச்சூழல் தாள் ஒன்று எழுதுகிறார்கள். ஆனால் பலருக்கு அது மாசு வகைகளையும் சட்டங்களின் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யும் தாளாகவே முடிந்துவிடுகிறது என்பது என் வருத்தம். உறவுகளைப் பார்க்கப் பழகாமல் மாசை மட்டும் அளந்தால் எங்கே தவறு நேரும் என்பதை வண்டலூரிலேயே பார்க்கலாம். அதற்குக் கூண்டுகளை விட்டுத் தள்ளி நடக்க வேண்டும்.

பூங்காவுக்குள் ஓட்டேரி என்ற ஏரி இருக்கிறது. அங்கே வரும் பறவைகளை யாரும் கொண்டுவந்து அடைக்கவில்லை, இரை போடுவதுமில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் நிற்கும் மாதங்களில் இப்படிப்பட்ட ஏரிக்கரையில் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். குருட்டுக் கொக்கு கரையோரம் அசையாமல் நிற்கிறது. மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கிறது. அதற்குக் கண்ணைவிட அலகின் தொடுவுணர்வுதான் முக்கியம், மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்திக் கிளறுகிறது. நத்தைகுத்தி நாரையின் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது நத்தை ஓட்டை உடைப்பதில்லை. கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுத்து விழுங்குகிறது. ஏரி நடுவே நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன் பிடிக்கின்றன.

ஒரே ஏரி, ஒரே நீர். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு உத்தியில், வெவ்வேறு இரையைத் தேடுவதால் அடிதடி குறைவு. இப்படி ஓர் உயிருக்கு அமைந்த தொழிலையும் இடத்தையும் சேர்த்துச் செயல் வாழிடம் என்கிறார்கள். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆழம். துழாவி மேயும் நாரைக்கு ஒரு சாண் நீர் போதும், இடுப்பளவு நீரில் அதனால் நிற்கவே முடியாது.

இப்போது தென் சென்னைப் புறநகரில் ஏரி ‘சீரமைக்கப்படும்’ விதத்தை நினைத்துப் பாருங்கள். தூர் வாருகிறார்கள், கரையைச் செங்குத்தாக வெட்டிக் கருங்கல் பதிக்கிறார்கள், மேலே நடைபாதையும் விளக்கும் வருகின்றன. கொள்ளளவு கூடுகிறது. நீரை எடுத்துச் சோதித்தால் தரமும் தேறலாம். ஆனால் சாண் ஆழத்துக்கு அங்கே இடமே இல்லை. கோரையும் சம்பும் வேர்விடச் சரிவு இல்லை. அவை இல்லாததால் மீன்குஞ்சு ஒதுங்க மறைவில்லை. நீர்க்காகம் மட்டும் மிஞ்சும், நாரை வராது. அளவுக் கருவி எதுவும் இதைச் சொல்லாது. வேண்டாத ஏரியைப் பாழாக்குவதைவிட, அக்கறையோடு செலவழித்து ஏரியைத் தொட்டியாக்குவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. மீன்களும் வனவிலங்குகளும் வாழத் தகுந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. வீட்டுக் கழிவுநீர் கலக்கும் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறி, பாசி பச்சைக் குழம்பாகப் பெருகுகிறது. நண்பகலில் நீர் எடுத்தால், வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருப்பதால், ஏரி நலமாக இருப்பதாகவே எண் காட்டும். இருட்டியதும் அந்தப் பாசியும் மூச்சு விடுகிறது, அடியில் மட்கும் கழிவும் ஆக்சிஜனை இழுக்கிறது. விடிவதற்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்குப் போகும். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கெண்டையும் ஜிலேபியும் செத்து மிதப்பதைப் பார்த்து, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். எப்போது நீர் எடுக்க வேண்டும் என்று வேதியியலுக்குச் சொல்லித்தர சூழலியல் வேண்டும்.

இதே பாஸ்பரஸ் இன்னோர் ஊரில் வரமாக இருக்கிறது. வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போய், மதுராந்தகம் பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். சுற்றுவட்டார ஏரிகளில் எல்லாம் மீன் தின்றுவிட்டு வரும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து நெல்லுக்கு உரமாகிறது. அதை அறிந்த ஊரார், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் எழுத்துபூர்வமாக உரிமை வாங்கினார்கள். வேடந்தாங்கலில் சத்து ஏரிக்குள் வந்து, நெல்லாக வெளியேறிவிடுகிறது. நம் புறநகர் ஏரியில் அது வருகிறதே தவிர வெளியேற வழியில்லை. தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் செம்பாக்கம் ஏரியை மீட்க நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவை சேர்ந்து இறங்கியது இதனால்தான் முக்கியமாகப் படுகிறது. பறவையைப் பார்ப்பவரும் கழிவுநீரைக் கணக்கிடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். செம்பாக்கத்தின் உபரிநீர் கடைசியில் போய்ச் சேருவது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு.

வண்டலூர்ப் பூங்காவின் காட்டுக்குத் திரும்புவோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடுத்து வந்த வறட்சியில் ஓட்டேரியும் வற்றியது. பிறகு ஏரியைச் சீர்செய்து நீர் நின்றதும்தான் பறவைகள் திரும்பின. மரம் விழுந்த இடத்தில் அதுவரை வெளிச்சமே படாத தரையில் வெயில் விழுகிறது. முதலில் வருபவை அவசரக்காரச் செடிகள்: உண்ணிச்செடி, சீமைக் கருவேலம். பிறகு ஏதோ ஒரு கிளையில் சின்னான் குருவி வந்து உட்காரும். அது தின்றுவந்த சூரைப்பழம், களாப்பழம், காரைப்பழத்தின் விதைகள் கீழே விழும். சில ஆண்டுகளில் அந்தக் கிளைக்கு நேர்கீழே ஒரு முள்புதர் திரளும், அதன் மறைவில் ஆடு மேயாத வேம்பும் நாவலும் எழும். இதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்கிறது பாடநூல்.

விழுந்த இடத்தை உடனே சுத்தமாக்கி, வரிசையாகக் கன்று நட வேண்டும் என்ற பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாய்ந்த அடிமரத்தில் கரையான் ஏறுகிறது, கரையானைத் தின்ன அரணையும் மரங்கொத்தியும் வருகின்றன. பட்டுப்போன கிளையும் சின்னானுக்கு இருக்கைதான். சீமைக் கருவேலத்துக்கும் இந்த நிதானம் வேண்டும். 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும், நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை திரும்பி வரும். பிடுங்கிய இடத்தில் அடுத்து எது வளர வேண்டும் என்று தீர்மானிக்காமல் பிடுங்குவது வீண்செலவு. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதையும் இயற்கைச் சூழலை மீட்பதையும் ஒரே கொள்கையாகச் சேர்த்து வெளியிட்டது சரியான அடி.

கூண்டு உறவுகளை முழுக்க அறுத்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2021 ஜூன் 3 அன்று வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனா தொற்றால் இறந்தது. மேலும் பல சிங்கங்களுக்குத் தொற்று இருந்தது. போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடம் மரபணு வரிசையைப் படித்தபோது, அப்போது மனிதர்களிடம் பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே சிங்கங்களிடமும் இருந்தது தெரிந்தது. இரையின் சங்கிலியை நாம் வெட்டிவிட்டோம், மூச்சின் சங்கிலி அப்படியே இருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் ஊர்ப் பறவைகளை எண்ணிப் பதிவுசெய்கிறார்கள். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. உங்கள் ஏரியில் எத்தனை நாரை என்பதோடு, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்றும் குறித்து வையுங்கள். அந்த ஏரிக்குச் சீரமைப்புத் திட்டம் வரும் நாளில், வரைபடத்தில் கரையின் சரிவு என்ன, சாண் ஆழ நீர் எங்கே, எவ்வளவு பரப்பு என்று அதிகாரிகளிடம் கேட்க அந்தக் குறிப்பு போதும்.