சிறு முதல், பெரு முயற்சி

"சிறு துளி பெரு வெள்ளம்" என்பது முன்னோர் வாக்கு. தொழிலுக்கும் இது பொருந்தும்.

கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன், ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே புறா, மீன், பறவைகள் வளர்த்து விற்றுத் தம் கைச்செலவுக்குப் பணம் ஈட்டியவர். படிப்பில் அவர் முன்வரிசை மாணவர் அல்லர். 1983-ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலுடன் 'சிக்' ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். புட்டி வாங்க இயலாத ஏழைகளும் சில்லறைக் காசுக்கு வாங்கும் வண்ணம் சிறு பொட்டலங்களில் விற்றார். அந்நிறுவனமே இன்றைய 'கவின்கேர்'.

நாமும் விடுமுறையில் முயலலாம். நம் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்திற்கு அகல் விளக்கு வாங்காத வீடு உண்டா? 100 அகல்களை 150 ரூபாய்க்கு வாங்கி, 50 ரூபாய்க்கு வண்ணம் தீட்டி, ஒன்று 3 ரூபாயாக விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆதாயம் 100 ரூபாய். பத்து அகல்கள் உடைந்தால் அது 70 ஆகிவிடும். நம் உழைப்புக்குரிய கூலியும் அதற்குள்தான் அடங்கும். ஆகவே வரவு செலவை அன்றன்றே எழுதுதல் வேண்டும்.

வெளியூர் செல்வோரின் நாய், முயல், கோழிகளைப் பேணுவதும் நல்ல தொழிலே. ஆனால் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேளை தவறாமல் தீனி வைத்தோமா என்பதை வாயில்லாப் பிராணி எவரிடமும் சொல்லாது. நம் மனச்சாட்சிதான் அறியும். தோழியரே, பணம் பிறரிடம் கடனாகவும் கிடைக்கும். நாணயம் நம்மிடமே இருத்தல் வேண்டும். தொழிலுக்கு அதுவே முதல்.