பழைய வண்டியின் டீசல் குழாய்கள்



மோட்டார் வண்டிக்கு உயிர் எது என்று கேட்டால் எஞ்சின் என்பர் பெரும்பாலோர். அந்த எஞ்சினையே நிறுத்திவிடும் வல்லமை ஒரு முழ நீளமுள்ள ரப்பர்க் குழாய்க்கு உண்டு. இதனை நான் நூலில் கற்கவில்லை. சித்தேரி மலைச் சாலையில் கற்றேன்.

அரூரில் என் தம்பி மகன் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்துப் பாரம் ஏற்றிப் பிழைப்பவன். இருபது ஆண்டுகள் உழைத்த வண்டி. சில வாரங்களாகக் காலையில் கிளம்ப அடம் பிடித்தது. ஒரு நாள் மலைக்குச் சிமெண்டு மூட்டைகள் ஏற்றிச் சென்றான். நானும் உடன் சென்றேன். ஏற்றத்தில் எஞ்சின் திடீரென அணைந்தது. எஞ்சின் நின்றால், பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடப் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக் மிதி கல்லாக இறுகியது. வண்டி பின்னோக்கி நகரலாயிற்று. நான் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்ததால் பிழைத்தோம்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில், பம்பையே கழற்றிச் சீர்செய்ய வேண்டும் என்று பெருந்தொகை கேட்டனர். அவன் கடன் வாங்கவும் ஆயத்தமானான். அப்பொழுது என்னிடம் பயின்று, இன்று தொழில் நடத்திவரும் ஒருவர், “ஐயா, பம்பில் கை வைக்குமுன் குழாயைப் பார்ப்போம்” என்றார். ஒரு கேனில் டீசலை ஊற்றி உயரே வைத்து, புதிய குழாய் வழியே பம்புக்குக் கொடுத்தார். எஞ்சின் அரைமணி நேரம் தடையின்றி ஓடியது. பம்பு குற்றமற்றது என்பது தெளிவாயிற்று.

“குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் கீழே சிந்தியிருக்க வேண்டாவோ?” என்று வினவினேன். ஆசிரியன் வினவ, மாணவர் விடை பகர்ந்தார். டாங்கியிலிருந்து பம்பு வரை உள்ள வழி உறிஞ்சும் வழி. அதனுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே வெடிப்பின் வழியே டீசல் வெளிவருவதற்குப் பதிலாகக் காற்று உட்புகும். ஓட்டையுள்ள உறிஞ்சுகுழலால் இளநீர் பருகிப் பாருங்கள். நீரைவிடக் காற்றே அதிகம் வாய்க்கு வரும். ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக டீசல் கேட்கும், உறிஞ்சல் வலுக்கும், காற்றும் மிகுதியாகப் புகும். இரவில் வண்டி நிற்கையில் அதே வெடிப்பின் வழியே காற்று நுழைய, குழாயிலுள்ள டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் கிளம்பாமைக்கு அதுவே காரணம்.

ரப்பர் ஏன் கெடுகிறது? வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சாதாரண ரப்பர் வளையத்தை மண்ணெண்ணெயில் ஓரிரவு இட்டு வையுங்கள். காலையில் அது பருத்து வலுவிழந்திருக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கினார். ஆயினும் இயற்கை ரப்பர் எண்ணெய்க்கு ஆற்றாது. ஆதலின் எண்ணெய்க் குழாய்க்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரையே கொள்கின்றனர். அதுவும் நாளடைவில் வெப்பத்தால் இறுகி வெடிக்கும். டீசலும் மாறிவிட்டது. 2010-இல் நாட்டின் பெரும்பகுதியில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் 10 பங்கே. கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் வேறு சில கூறுகளையும் குறைக்கிறது. பழைய டீசலில் ஊறிப் பருத்திருந்த ரப்பர் புதிய டீசலில் சுருங்கிக் கசியக்கூடும். பெட்ரோல் வண்டி உடையோர் வேறொன்றைக் கருத வேண்டும்: 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவி வந்துள்ளது. பழைய குழாய்கள் பல இதற்கென அமைந்தவை அல்ல.

இனி மாற்றும் முறை. எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குக. அருகில் பீடி, சிகரெட் கூடாது. அளவில் ஒத்த, டீசலுக்கென்றே செய்த குழாயை வாங்குக. தண்ணீர்க் குழாய் உதவாது. கூரிய கத்தியால் வெட்டுக; அறுத்தால் ரப்பர்த் துகள் உள்ளே தங்கும். முனையின் புடைப்பைக் கடந்து குழாயைச் செலுத்தி, கம்பியால் முறுக்காமல் கிளிப்பால் இறுக்குக. சூடான புகைக்குழாய்க்கு அருகிலும், உராயும் இடத்திலும் அது செல்லலாகாது. ஒன்று வெடித்திருந்தால் அதே வயதுடைய மற்றவையும் வெடிக்கும். திரும்பு குழாய் உட்பட யாவற்றையும் மாற்றுக. சட்டத்தின் அடியில் செல்லும் இரும்புக் குழாய், சேறு தங்கும் கிளிப்புகளின் கீழ்த் துருப்பிடிக்கும். அதற்கு ஈடாகச் செம்புக் குழாய் இடாதீர். செம்பு டீசலைக் கெடுக்கும், அதிர்வில் விரியும்.

பின்னர்க் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துக. முதலில் நுரை வரும். குமிழியற்ற டீசல் வந்ததும் திருகை இறுக்குக. வண்டியை ஓட்டிப் பார்த்து, மறுநாளும் இணைப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் எஃகுக் குழாய்களை, எஞ்சின் ஓடும்போது தொடவே கூடாது. அவற்றின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு. ஊசித்துளை வழியே பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழாய்களுக்கு ஆன செலவு, பம்புக்குக் கேட்ட தொகையில் சிறு பகுதியே. கழற்றிய பழைய குழாயை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். வளைத்தால் உலர்ந்த புளியங்காய் ஓடுபோல் நொறுங்குகிறது. வண்டி வைத்திருப்போர் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் முதலில் அவர்கள் கையில் கொடுக்கிறேன்.