பத்தாயிரம் ரூபாய்க்கு மலையேறிப் போகிறவர்கள்



2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஒரு தாய் நம்மிடம் வந்தார். "ஃபாதர், நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார். மகள் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவர். டவுனில் ஒரு டியூஷன் சென்டரில் மாதம் 18,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகளோ சவ்வாது மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய்க்குப் போகிறேன் என்கிறார். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது, கல்யாண வயதும் ஆகிவிட்டது. அந்தத் தாயின் கலக்கத்தில் தவறேதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு, காலியாக இருந்த இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. எல்லாம் தொகுப்பூதியம். நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்குப் படித்த பிள்ளைகள் ஏன் போகிறார்கள்?

"வேறு வேலை கிடைக்கவில்லை, அதனால் போகிறார்கள்" என்று நம்மில் பலர் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. தகுதித் தேர்வு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் பணி நியமனத்துக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். சும்மா இருப்பதைவிட வகுப்பறையில் நிற்பது மேல் என்று வருகிறவர்களை நாம் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கையில் இருந்ததே!

அவரை அழைத்துப் பேசினோம். அறிவுரை சொல்லத்தான் அழைத்தோம், கடைசியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது அவருடைய பள்ளியில் கணக்கு வாத்தியார் பணியிடம் காலியாம். ஓராண்டு முழுக்கத் தமிழாசிரியைதான் கணக்கு வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார். பத்தாம் வகுப்பில் புதிதாக ஒருவர் வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையும் சேர்த்து, மாலையில் மரத்தடியில் நடத்தினார். "அவர் ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் எனக்குக் கணக்கே வந்திருக்காது ஃபாதர்" என்றார். மலையில் அந்தப் பள்ளிக்கும் கணக்கு ஆசிரியர் இல்லை என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டாராம்.

பிள்ளைகள் போதாத பள்ளிகள் உண்டு, கட்டடம் போதாத பள்ளிகளும் உண்டு. ஆசிரியர் போதாத பள்ளி எப்படி இருக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, ஆசிரியர் இருவர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். இதற்கிடையில் காலை வருகைப் பதிவைச் செல்பேசியில் ஏற்ற வேண்டும், மதிய உணவையும் கவனிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் சங்கடம் வேறு விதம். கணக்கு ஆசிரியர் இல்லாவிட்டால், மூன்றாண்டு கழித்து அந்த ஊரிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க ஒரு பிள்ளையும் இருக்காது. ஒரு நாற்காலி காலியாக இருப்பதால் ஒரு மலையிலிருந்து செவிலியரும் பொறியாளரும் வராமல் போகிறார்கள். டியூஷன் சென்டரில் அந்தப் பெண் இல்லாவிட்டால் வேறொருவர் இருப்பார். மலையில் அவர் இல்லாவிட்டால் யாரும் இல்லை. இப்படிப் போகிற இளைஞர்கள் பலரிடம் நாம் கண்ட காரணம் இதுதான். தியாகம் என்ற பெரிய சொல்லை அவர்கள் பயன்படுத்துவதே இல்லை, நாம்தான் மேடையில் பயன்படுத்துகிறோம்.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. பிரான்சில் ரெய்ம்ஸ் நகரின் வசதியான குடும்பத்துப் பிள்ளை, இறையியலில் முனைவர். பேராலயத்தின் குருக்கள் குழுவில் இடம், அதனால் வாழ்நாள் முழுக்க நிலையான வருமானம். 1679-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க வந்த ஒருவருக்குச் சிறிது உதவி செய்தார், அவ்வளவுதான். பிறகு அந்த ஆசிரியர்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். பிறகு தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். 1681-இல் அவர்களை வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியர்களை ஆரம்பத்தில் தம் வேலைக்காரனுக்கும் கீழாகத்தான் மதித்ததாகவும், அவர்களோடு வாழ வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றும் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார். ஒரு சிறு காரியம் அடுத்த காரியத்துக்கு இழுத்துப்போக, கடவுள் அவரைத் தெரியாமலே நடத்திக்கொண்டு போனார்.

நம் பிள்ளைகளும் அப்படித்தான் போகிறார்கள். 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, கொரோனாவில் எழுத்தை மறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்க நம் பங்கிலிருந்தும் சில பெண்கள் பெயர் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய். வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று போனவர்கள், மூன்றாம் வகுப்புப் பையன் முதன்முதலாகக் கடைப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த அன்று வேறு ஆட்களாக வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் பி.எட். சேர்ந்துவிட்டார்.

தெ லசாலின் கதையில் நாம் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஓரிடம் உண்டு. வயதான பின் எங்களுக்கு என்ன வழி என்று அவருடைய ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். வயல்வெளி மலர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதை எடுத்து அவர் பிரசங்கம் செய்தார். அவர்கள் விடவில்லை. உங்களுக்குச் சொத்தும் பதவியும் இருக்கின்றன, பள்ளி மூடினாலும் நீங்கள் பிழைப்பீர்கள், நாங்கள் தெருவுக்கு வருவோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். 1683-இல் அந்தப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தளித்தார்.

இதைச் சொல்லும்போது நமக்கே கூசுகிறது. நம் பள்ளிகளில் நிர்வாகச் சம்பளத்தில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகளிடம் "இது சேவை அம்மா" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்த இடங்கள் உண்டு. சேவை என்பது கொடுப்பவர் வாயில் வர வேண்டிய சொல், சம்பளம் போடுகிறவர் வாயில் வரக் கூடாது.

இன்னொன்றும் கேட்பீர்கள்: போகிறவர்கள் எத்தனை நாள் தங்குகிறார்கள்? 'டீச் ஃபார் இந்தியா' 2009-இல் மும்பையிலும் புனேயிலும் வகுப்பறைகளுக்குப் பட்டதாரிகளை அனுப்பத் தொடங்கியபோதே இரண்டு ஆண்டு என்றுதான் பேசி அனுப்பியது. அந்த இரண்டு ஆண்டை நாம் இகழவில்லை. ஆனால் பழகிய டீச்சர் போகும்போது பிள்ளை அழுகிறது, மூன்றாவது டீச்சர் போகும்போது அழுவதில்லை, அதுதான் கவலை. தங்க வைக்கும் பொறுப்பு போகிறவரிடம் மட்டும் இல்லை. சம்பளம் மாதம் பிறந்ததும் வர வேண்டும், தங்கும் அறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்க வேண்டும், "எப்போது திரும்பி வருகிறாய்" என்று வீட்டிலிருந்து தினமும் போன் வராமல் இருக்க வேண்டும்.

அந்தத் தாயிடம் நாம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. மகள் சொன்ன மரத்தடிக் கதையைத் தெரியுமா என்று மட்டும் கேட்டோம். தெரியாது என்றார். அடுத்த ஞாயிறு வந்தபோது அவர் கேட்டது வேறு. ஜமுனாமரத்தூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இரவில் குளிர் எப்படி இருக்கும், கம்பளி இங்கேயே வாங்கிவிடலாமா?