தலையைத் திறக்காமல்

1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பியலுக்கென்று தனித்துறை தொடங்கினார். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அன்று மூளைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க முக்கியமான வழி, காற்று. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் நீரறைக்குள் ஊசி செலுத்தி, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை ஏற்றுவார்கள். பிறகு தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் கட்டி தெரியாது. காற்று நிரம்பிய அறை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்பதுதான் தெரியும். கட்டியின் இடத்தை அதிலிருந்து ஊகிக்க வேண்டும். காற்று கரையும்வரை நோயாளிக்குத் தலைவலியும் வாந்தியும் இருக்கும். மூளை அழுத்தம் கூடியவர்களுக்கோ அந்தச் சோதனையே உயிருக்கு ஆபத்து.

சோதனை அவ்வளவு கொடியது என்பதால், அதற்கு முன் மருத்துவர் நோயாளியோடு நெடுநேரம் செலவிட்டார். தலைவலி காலையில் வருகிறதா, எந்தக் கை தளர்ந்தது, எந்தச் சொல் தடுமாறுகிறது என்று கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். தலையைத் தொடுவதற்கு முன்பே கட்டி எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடுவார்.

1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 80க்கு 80 கட்டங்கள் கொண்ட மங்கலான படம்; ஒரு பகுதியை எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. இன்று அதற்கு ஒரு நொடி போதும். காற்று ஏற்றும் முறை வழக்கொழிந்தது; அதற்காக யாரும் வருந்த மாட்டார்கள்.

ஆனால் தெளிவான படமும் புதிய குழப்பம் தந்தது. வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரின் ஸ்கேனில் சிறு வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டியா, புற்றா? பலருக்குக் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சிலருக்குத் தலையைத் திறந்தார்கள். வேலூரில் வேதாந்தம் ராஜசேகரும் மாத்யூ சாண்டியும் சக மருத்துவர்களும் அப்படி எடுத்த திசுவை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் அது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு அழிந்துகொண்டிருக்கும் இடம் என்று தெரிந்தது. 1993இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோல் எளியது: ஒரே கட்டி, 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, மூளையின் நடுக்கோட்டை அது தள்ளவில்லை; நோயாளிக்கு மூளை அழுத்தம் கூடிய அறிகுறி இல்லை, கை கால் தளர்ச்சி வளரவில்லை. இவை எல்லாம் பொருந்தினால் கத்தி வேண்டாம். வலிப்பு மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். இவற்றில் பாதி ஸ்கேன் சொல்வது, மீதி படுக்கையருகே நின்று பார்ப்பது. இந்தத் துறையில் தமிழ்நாடு செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான் என்பேன்.

இப்போது எம்.ஆர்.ஐ. கட்டியின் வேதிப்பொருளையே அளக்கிறது. ஐ.டி.எச். மரபணு மாறிய கட்டிகளில் மட்டும் சேரும் ஒரு பொருளை வெளியிலிருந்தே கண்டறியலாம் என்று 2012இல் காட்டினார்கள். ரத்தப் பரிசோதனை முயற்சிகளும் நடக்கின்றன. நாசிக்கின் தாதர் நிறுவனம் உருவாக்கிய ஒன்றுக்கு 2023இல் அமெரிக்க அரசின் முன்னுரிமைத் தகுதி கிடைத்தது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு, கட்டியின் தடயங்களை அதிகம் வெளியே விடாது என்பதே இதில் பெரிய சிக்கல். எனவே புற்று எந்த வகை என்று உறுதிசெய்ய இன்றும் பெரும்பாலும் திசு எடுக்க வேண்டியிருக்கிறது.

பர்மாவில், ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அப்பால் உள்ள கியாக்தானில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. முன்பெல்லாம் சிரியம் போய், பெகு ஆற்றில் படகேறித்தான் ரங்கூன் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1993இல் பாலம் வந்தது; பயணம் சுருங்கியது. ஆனாலும் பெரிய ஸ்கேன் என்றால் நோயாளியே அங்கே போக வேண்டும். ரத்தப் பரிசோதனை தேறிவிட்டால் குப்பி மட்டும் பாலம் தாண்டினால் போதும். அது வரும்வரை, காலைத் தலைவலியோடும் வாந்தியோடும் வருகிறவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஊரிலேயே இருக்க வேண்டும். யாரை உடனே ரங்கூனுக்கு அனுப்புவது என்று அவர்தான் சொல்ல முடியும்.